இந்த வருடத்துச் சொல்

எடின்பரோவிலிருந்து மொராக் எழுதியிருக்கிறாள்:
அறிக்கை நன்று. ஒன்றே ஒன்று.
'டிக்லைன்' என்ற சொல்லை
ஒன்பது வருடமாக அச்சடிக்கிறோம்.
பணம் தருபவர்களுக்குச் சலித்துவிட்டது.
இந்த முறை வேறு ஏதாவது?

இங்கா ட்ரெவர் ஈரக் காலுறையைக்
கணப்பின் மேல் காயப் போட்டுவிட்டு
அகராதியை எடுக்கிறாள்.
வெளியே ஆர்க்னி. ஜூன் கடைசி. இரவு பதினொன்று.
இன்னும் விளக்கு வேண்டாத வெளிச்சம்.

ஒரு பாறைமுகம், அதில் இருபத்தாறு விளிம்புகள்,
விளிம்புகளில் கிட்டிவேக்.
தன் பெயரைத் தானே கூவும் பறவை.
அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம்
கூடுகள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
இந்த வருடம் இருநூற்றெட்டு.
நடுவில் எந்த நாளிலும் எதுவும் நடக்கவில்லை.
அதுதான் சிக்கல்.
கப்பல் கவிழ்ந்திருந்தால்
சொல் உடனே கிடைத்திருக்கும்.

'வேன்' நிலாவின் சொல்.
தேய்ந்தது வளரும் என்றொரு வாக்குறுதியை
மடியில் கட்டிக்கொண்டே வருகிறது.
வாக்குறுதி கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை.
'எப்' கடலுடையது.
ஆறு மணி நேரத்தில் பொய்யாகிவிடும்.
'ஃபால் ஆஃப்',
பாறை உச்சியில் உட்கார்ந்து எண்ணுபவள்
எழுதக் கூடாதது.

'இரோட்' என்றால் அரிப்பவர் யார் என்பார்கள்.
யார்?
மணல்விலாங்கு மீனைக் கேட்கலாம், அது வடக்கே போய்விட்டது.
கடலின் சூட்டைக் கேட்கலாம்.
ஒரு வினைச்சொல்லுக்குள்
அத்தனை பேரைக் கூண்டிலேற்ற இடமில்லை.

'டேப்பர்' மெழுகுவர்த்திக்கு.
மெலிந்து மெலிந்து அழகாக முடிவது.
இங்கே எதுவும் அழகாக முடியவில்லை.
ஏழாம் விளிம்பில் எஞ்சியது எச்சம்,
அந்தச் சொல்லின் இரண்டு பொருளிலும்.

படகுக்காரன் டேவி ரெண்டால்
தேநீருக்கு வந்தவன் எட்டிப் பார்த்தான்.
'பீட்டர் அவுட்' போடேன்.
பீட்டர் யார்?
என் சித்தப்பா மகன். அபர்டீனில் இருக்கிறான்.
முதலில் கிறிஸ்துமஸ்தோறும் வந்தான்,
பிறகு ஒன்றுவிட்டு ஒரு கிறிஸ்துமஸ்,
பிறகு வாழ்த்து அட்டை,
இப்போது அட்டையில் கையெழுத்து மட்டும்.
அதுவும் அவன் மனைவியுடையது.
சிரித்தார்கள். பிஸ்கட் தீர்ந்தது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை
அவள் மொழியில் இல்லை.
இருந்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பாள்.
கட்டெறும்புக்காவது கடிக்கத் தெரியும்.

நள்ளிரவில் பழைய சொல்லுக்கே திரும்பினாள்.
டிக்லைன். அதற்கு இன்னொரு பொருளும் உண்டு:
அழைப்பை மரியாதையாக மறுப்பது.
வர இயலவில்லை, மன்னிக்கவும், நன்றி.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு ஜோடிகள்
ஒவ்வொன்றும் கடல்மேல் ஒரு கணம் தயங்கி
அந்த வரியை எழுதுவதாக நினைத்துப் பார்த்தாள்.
கூடாது. பழி பறவைமேல் விழும்.
அழைத்தவர் வீட்டில் சோறில்லை,
அதைச் சொல்ல வேண்டாமா?

கடைசியில் 'டுவிண்டில்' என்று போட்டு அனுப்பினாள்.
ஏதோ குட்டிப் பறவையின் பெயர் போல ஒலிக்கிறது.
காலையில் பதில்: அருமை. புதிதாக இருக்கிறது.
அடுத்த வருடத்துக்கும் ஒன்று யோசித்து வையுங்கள்.

ஜூலை இரண்டு. ஏழாம் விளிம்பு.
அலகில் சேறும் பாசியுமாக ஒன்று வந்தமர்ந்து
மிதித்து மிதித்துக்
கூடு கட்டத் தொடங்கியது.
எண்ணும் காலம் ஜூன் இருபதோடு முடிந்துவிட்டது.
விதிப்படி அது இல்லை.

இங்கா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிப்
படகுச் சீட்டின் பின்பக்கம்
பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.
காற்று சீட்டைப் பிடுங்கப் பார்த்தது.